ஓய்ந்த யந்திரமும் ஓயாத வித்தையும்

பல வருஷங்கள் கொட்டகையில் கிடந்த பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை ஓட்ட விரும்பும் அன்பர்கள் முதலில் செய்வது, கிக்கரை ஓங்கி உதைப்பதே. இதைவிடப் பெருந்தீங்கு வேறில்லை. அதன் சிலிண்டர் வார்ப்பிரும்பினாலானது. ஈரத்தில் துருவேறிப் பிஸ்டன் வளையங்களைப் பற்றிக்கொண்டிருக்கும். பலாத்காரம் செய்தால் வளையம் முறியும், சிலிண்டரும் கீறும்.

பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தின் வழியே சிறிது எண்ணெய் விட்டுச் சில நாள் பொறுப்பதே முறை. பிறகு டாப் கியரிலிட்டுப் பின்சக்கரத்தை மெள்ள அசைத்தால் பிடி தளரும். டாங்கின் துருவையும் கார்புரேட்டரின் கசடையும் நீக்கி, பாயிண்டுகளைச் சுத்தம் செய்து இடைவெளியைச் சரிப்படுத்தி, பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றிய பின்னரே உதைக்க வேண்டும். பெயிண்டும் நிக்கல் பூச்சும் அப்புறம் ஆகலாம்.

இங்கிலாந்தில் பிறந்த இவ்வண்டி 1956-ல் சென்னையை அடுத்த திருவொற்றியூர் ஆலையில் உருவாகத் தொடங்கிற்று. 1970-ல் அங்கே கம்பெனி உற்பத்தியை நிறுத்தியது. 1977-லோ நமது புல்லட் அந்நாட்டுக்கே கப்பலேறிற்று. நம் தொழிலாளரின் கைத்திறனுக்கு இதைவிட நற்சான்று வேண்டுமோ?

அத்திறனில் ஆலைக்கு வெளியேயும் பங்குண்டு. ஓசையைக் கேட்டே குறை கண்டுபிடித்த தெருவோர மெக்கானிக்குகள் முதுமை எய்திவருகின்றனர். வண்டியைச் செப்பனிட விரும்பும் இளைஞர், அவர்களிடம் அதை ஒப்படைத்துவிட்டு அகலாமல், அருகிருந்து ஸ்பானர் பிடிக்கக் கற்பாராக. இல்லையேல் வண்டிகள் எஞ்சும். அவற்றை அறிந்தவர்கள் எஞ்சமாட்டார்கள்.