தன் காலில் நின்ற கொரியத் திருச்சபை

ஒரு நாட்டுக் கிறிஸ்தவர்கள் மற்றொரு நாட்டுக்குச் சென்று நற்செய்தி அறிவித்து, அங்கே விசுவாசிகளாகும் மக்களை ஒரு சபையாகக் கூட்டி நிலைநிறுத்தும் பணியைத் திருச்சபை வழக்கில் சபை ஸ்தாபித்தல் என்பர். இப்பணியின் கடினமான கட்டம், மிஷனெரியின் பணமும் மேற்பார்வையும் விலகிய பிறகும் அச்சபை தானே நடக்கும் நிலையை எட்டுவதாகும். 19ஆம் நூற்றாண்டின் மிஷன் சங்கங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தடுமாறின. உள்ளூர் உபதேசியாரின் சம்பளமும் ஆலயம் கட்டும் செலவும் லண்டனிலிருந்தோ பாஸ்டனிலிருந்தோ வந்தபோது, சபையார் தங்களை அச்சபையின் உரிமையாளராகக் கருதாமல், மிஷனை அண்டியிருப்பவராகவே கருதினர்.

இதை மாற்ற வேண்டுமென்று இங்கிலாந்தில் ஹென்றி வென்னும் அமெரிக்காவில் ரூஃபஸ் ஆண்டர்சனும் வலியுறுத்தினர். சபை தன் செலவைத் தானே ஏற்கவும், தன்னைத் தானே ஆளவும், நற்செய்தியைத் தானே பரப்பவும் வேண்டும் என்பதே இருவரும் வகுத்த கோட்பாட்டின் சாரம். ஆண்டர்சன் 1854-55இல் மதுரை, யாழ்ப்பாண மிஷன்களை நேரில் பார்வையிட்டு, உள்ளூர்ப் போதகர்களுக்கும் தாய்மொழிக் கல்விக்கும் முதலிடம் கேட்டார். அதன் விளைவுகளுள் ஒன்றாக, யாழ்ப்பாணத்தில் ஆங்கிலவழிக் கல்விக்குப் புகழ்பெற்ற வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. நல்ல கோட்பாடாயினும் மேலிருந்து திணிக்கப்படும்போது, அது கீழே உள்ளவர்களின் இழப்பாக முடியலாம் என்பதற்கு அம்முடிவு வலிமிகுந்த சான்று. அதே கோட்பாடு முழுமையாகப் பலன் தந்த இடம் கொரியா.

கொரியாவின் தனிச்சிறப்பு, புரோட்டஸ்டன்ட் மிஷனெரிகள் அங்கே குடியேறும் முன்பே வேதாகமத்தின் பகுதிகள் அந்நாட்டுக்குள் சென்றுவிட்டதுதான். கத்தோலிக்கர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டிருந்த அந்நாட்டில் அந்நியச் சமயநூல் வைத்திருப்பதே ஆபத்தாக இருந்த காலத்தில், ஸ்காட்லாந்து மிஷனெரி ஜான் ராஸ் எல்லைக்கு அப்பால் மஞ்சூரியாவில் தங்கி, அங்கு வந்துபோன கொரிய வணிகர்களின் துணையோடு மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். லூக்கா, யோவான் சுவிசேஷங்கள் 1882இலும் புதிய ஏற்பாடு முழுவதும் 1887இலும் அச்சாயின. கற்றோர் மதித்த சீன எழுத்தை விடுத்து, பெண்களும் எளியோரும் படிக்கக்கூடிய ஹங்குல் எழுத்தில் அவை அமைந்தன. மொழிபெயர்ப்பில் உதவிய சோ சாங்-ரியுன் அந்நூல்களைத் தாயகத்துக்குக் கொண்டு சென்று பரப்பினார்; சோரே என்ற கிராமத்தில் எந்த மிஷனெரியும் இல்லாமலே ஒரு சபை கூடியது. 1885இல் வந்திறங்கிய அமெரிக்கரான ஹொரேஸ் அண்டர்வுட் 1887இல் சியோலில் 14 பேருடன் ஒரு சபையை நிறுவியபோது, அவர்களுள் பெரும்பாலோர் ராஸின் மொழிபெயர்ப்புப் பணி வழியாக விசுவாசத்துக்கு வந்தவர்கள். ஆகவே கொரியத் திருச்சபையின் தொடக்கத்தை வெளிநாட்டாரின் பெயரில் மட்டும் எழுதுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

கொரியாவில் பணியாற்றிய இளம் மிஷனெரிகள், சீனாவின் ஷாண்டோங் பகுதியில் நெடுங்காலம் உழைத்த ஜான் நீவியஸை 1890இல் சியோலுக்கு அழைத்து ஏறக்குறைய இரண்டு வாரம் ஆலோசனை கேட்டனர். விசுவாசியாகும் உழவன் உழவனாகவே இருந்து அக்கம்பக்கத்தாரிடம் சாட்சி சொல்லவேண்டும், அவனைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஊரிலிருந்து பிரிக்கலாகாது, சபையார் தாங்கக்கூடிய அளவிலேயே அமைப்புகள் வேண்டும், ஆலயம் உள்ளூர்ப் பாணியில் அவர்கள் பணத்திலேயே எழவேண்டும், அனைவருக்கும் முறையான வேதபாட வகுப்புகள் நடக்கவேண்டும் என்பன அவர் கூறியவை. பிரஸ்பிட்டேரியன் மிஷன், அதாவது தெரிந்தெடுக்கப்பட்ட மூப்பர்களால் ஆளப்படும் சபைப் பிரிவின் மிஷன், இதைத் தன் கொள்கையாகவே ஏற்றது.

அந்தக் கொள்கையை நடைமுறையாக்கியவர்கள் கொரியர்களே. பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலைக்கான அரிசியில் ஒரு பங்கை எடுத்துத் தனியே சேர்த்து ஆலயத்துக்குக் கொடுத்தனர். பணமில்லாதவர்கள், ஆண்டில் இத்தனை நாள் நற்செய்திப் பணிக்கு என்று நாட்களையே காணிக்கையாக எழுதிக் கொடுத்தனர். கிம்ஜே வட்டாரத்தில் 1908இல் கட்டப்பட்ட கும்சான் ஆலயம் இன்றும் நிற்கிறது. ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் காணாதபடி இரு சிறகுகளில் அமர்ந்து, அவை சந்திக்கும் மூலையில் நின்ற போதகரை இரு சாராரும் பார்க்கும்படி அமைந்த அந்த மரக்கட்டடத்தில், ஆங்கிலேயக் கோபுரத்தின் சாயலைத் தேடினாலும் கிடைக்காது. அச்சபையார் மூப்பரைத் தெரிந்தெடுத்தபோது, நிலக்கிழார் ஜோ தொக்-சாமை முந்தி, அவர் வீட்டில் வேலைசெய்த யி ஜா-இக் வெற்றிபெற்றார். எசமானர் அம்முடிவை மனமார ஏற்று, பின்னர் தன் பணியாளைப் பியோங்யாங் இறையியல் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார். யி ஜா-இக் போதகராகி, நாடு தழுவிய பொதுச்சபைக்கு மூன்று முறை தலைவரானார். சபை தன்னைத் தானே ஆளுதல் என்ற கோட்பாட்டின் முழுப்பொருளையும் இந்த ஒரு தேர்தல் காட்டிவிடுகிறது.

எல்லாப் பலனையும் நீவியஸின் முறைக்கே உரித்தாக்குவது சரியன்று. அவர் வாழ்ந்த ஷாண்டோங்கில் அதே முறை அத்தகைய விளைவைத் தரவில்லை. கொரியாவில் அரசியல் சூழலும் துணைநின்றது. அந்நாட்டை 1910இல் தன்னோடு இணைத்துக்கொண்டது ஜப்பான். மிஷனெரிகளோ அமெரிக்கரும் பிற மேலைநாட்டாரும். ஆதலால் கிறிஸ்தவம் ஆதிக்கவாதியின் சமயம் என்ற பழி அங்கே ஒட்டவில்லை. ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான 1919 மார்ச் 1 விடுதலை அறிக்கையில் ஒப்பமிட்ட 33 பேரில் 16 பேர் கிறிஸ்தவர்கள்.

தானே பரப்புதல் என்ற மூன்றாம் கடமையை அச்சபை தாமதிக்கவில்லை. 1907இல் பிரஸ்பிட்டேரியன் சபையில் முதன்முதலாகப் போதகராக அருட்பொழிவு பெற்ற கொரியர் எழுவருள், ஒரு காலத்தில் மிஷனெரி சாமுவேல் மோஃபெட் மீது கல்லெறிந்த யி கி-புங் என்பவரை உடனே ஜேஜு தீவுக்கு அனுப்பினர். 1912இல் பொதுச்சபை அமைந்ததும், அடுத்த ஆண்டே மூன்று போதகர்களை ஷாண்டோங்கின் லாய்யாங் பகுதிக்கு அனுப்பினர். நாடிழந்த மக்களாயிருந்தும் தங்கள் காணிக்கையைக் கொண்டு அவர்கள் நடத்திய அப்பணி, அங்கே ஊழியம் செய்த கொரியப் போதகர் பாங் ஜி-இல் 1957இல் சீனாவை விட்டு வெளியேறும்வரை நீடித்தது.

இன்று தென்கொரியா உலகில் மிகுதியான மிஷனெரிகளை அனுப்பும் நாடுகளுள் ஒன்று. ஆனால் செல்வமிக்க சபைகளின் பணம் முன்னே செல்வதும், உள்ளூர்ப் போதகர்கள் அதைச் சார்ந்து நிற்பதும், குறுகிய காலக் குழுக்கள் அவ்விடத்தின் நிலை அறியாமல் போய் இறங்குவதும் அந்நாட்டிலேயே கடும் விமரிசனத்துக்கு உள்ளாகின்றன. 2007இல் ஆப்கானிஸ்தான் சென்ற 23 கொரியர்களைத் தாலிபான்கள் கடத்தி, அவர்களுள் இருவரைக் கொன்ற பிறகு இந்த விமரிசனம் சபைகளுக்கு வெளியிலும் பெருகியது. அரிசியைச் சேர்த்துவைத்துச் சபையை வளர்த்த மக்களின் பிள்ளைகளுக்கு, பிற நாட்டு ஏழைச் சபையும் தன் அரிசியைத் தானே சேர்க்க இடம் விடுவது எப்படி என்ற கேள்வி இப்போது நேரடியாகவே வந்து நிற்கிறது.