மோட்டார் கருகாத மின்சாரம்: குஜராத் கண்ட வழி

நள்ளிரவில் மின்சாரத்துக்காகக் கிணற்று மேட்டில் காத்திருப்பதும், வந்த மின்சாரம் அழுத்தம் குறைந்து மோட்டார் கருகுவதும் பம்புசெட் வைத்துள்ள சிறு விவசாயிகளுக்குப் புதிதல்ல. காயில் கட்டும் செலவு ஒரு புறம். அதற்குள் பயிர் வாடிவிடும் நஷ்டம் மறு புறம். இத்தொல்லையைக் குறைக்கக் குஜராத் மாநிலம் கையாண்ட முறையைத் தமிழக விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

ஒரே பாதை, இரு தேவை

2003-க்கு முன் குஜராத் கிராமங்களில் வீடுகளுக்கும் பம்புசெட்டுகளுக்கும் பெரும்பாலும் ஒரே மின்பாதைதான். பம்புசெட்டுக்குக் குதிரைத்திறன் கணக்கில் கட்டணம். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அது மாறாது. பளுவைக் குறைக்க மும்முனை மின்சாரம் சில மணி நேரமே கொடுக்கப்பட்டது. மற்ற நேரங்களில் வீட்டு விளக்குகளுக்காக ஒருமுனை அல்லது இருமுனை மின்சாரம் வந்தது. பலர் கெபாசிட்டர் பொருத்தி இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டினர். இதனால் மின்னழுத்தம் சரிந்தது. வீட்டு விளக்குகள் மங்கின. மோட்டார்களும் டிரான்ஸ்பார்மர்களும் கருகின.

பாதை பிரிந்தது

2003-ல் 'ஜோதிகிராம்' திட்டம் தொடங்கப்பட்டு, பம்புசெட்டுகளுக்குத் தனி மின்பாதை போடப்பட்டது. 2006-க்குள் மாநிலத்தின் சுமார் 18,000 கிராமங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இவ்வேலை முடிந்தது. வீடு, பள்ளி, மாவு மில் ஆகியவற்றுக்கு 24 மணி நேரமும் மின்சாரம். பம்புசெட்டுகளுக்கு 8 மணி நேரம், முழு அழுத்தத்தில், முன்கூட்டியே அறிவித்த நேரத்தில். ஒரு வாரம் பகலில் என்றால் மறு வாரம் இரவில். நேரம் முடிந்ததும் விவசாயப் பாதையில் மின்சாரமே இராது. இருமுனையில் ஓட்டும் பழக்கமும் நின்றது.

மோட்டார் பழுது குறைந்தது. நேரம் தெரிந்ததால் நீர் பாய்ச்சுவதைத் திட்டமிட முடிந்தது. விவசாய மின்செலவும் நிலத்தடி நீர் இறைப்பும் குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டனர்.

குறையும் உண்டு. சொந்தக் கிணறு இல்லாமல் பக்கத்து வயல்காரரிடம் தண்ணீர் வாங்கிய சிறு விவசாயிகளும் குத்தகைதாரர்களும் சிரமப்பட்டனர். பம்புசெட் ஓடும் நேரம் சுருங்கியதால் விற்கும் தண்ணீர் குறைந்தது, விலை ஏறியது. இரவுக் காவலும் தீரவில்லை. அதிகாலை 5 மணி முதல் இரவு 9 மணிக்குள் மின்சாரம் வழங்கும் திட்டம் 2020 அக்டோபரில்தான் அங்கு தொடங்கப்பட்டது.

விவசாயி செய்யத்தக்கவை

பாதையைப் பிரிப்பது மின்வாரியத்தின் வேலை. கிடைக்கும் நேரத்தில் கூடுதல் நீர் இறைப்பது விவசாயியின் கையில் உள்ளது.

1. அடைப்புள்ள புட்வால்வை மாற்றி, நீர் தாராளமாக நுழையும் நல்ல புட்வால்வு பொருத்தவும்.

2. துருப்பிடித்த குறுகிய இரும்புக் குழாய்க்குப் பதிலாகப் போதிய விட்டமுள்ள பி.வி.சி. குழாய் போடவும். தேவையற்ற வளைவுகளைத் தவிர்க்கவும்.

3. நீர் விழும் குழாயை வாய்க்காலுக்கு மேல் வீணாக உயர்த்த வேண்டாம். ஒவ்வோர் அடி உயரத்துக்கும் மின்சாரம் செலவாகிறது.

4. ஒரு முனை தவறினால் மோட்டாரை நிறுத்தும் தற்காப்புக் கருவியை ஸ்டார்ட்டருடன் பொருத்தவும்.

5. இருமுனையில் மோட்டாரை ஓட்டுவதைக் கைவிடவும். அது தன் மோட்டாருக்கும் அண்டை வயலார் மோட்டாருக்கும் கேடு.

மின்வாரிய அலுவலகத்தில் மனுக் கொடுக்கும்போது, கூடுதல் நேரத்தோடு, முன்கூட்டியே அறிவித்த நேரத்தையும் முழு அழுத்தத்தையும் ஊரார் சேர்ந்து கேட்பது நலம். அழுத்தம் குறைந்த பத்து மணி நேரத்தைவிட, உறுதியான எட்டு மணி நேரமே பயிரைக் காக்கும்.