காலையில் தேடல், மாலையில் தீனி

வட ஐரோப்பாவில் குளிர்காலம் தொடங்கியதும் பூச்சிகளும் புழுக்களும் அருகிவிடுவதால், வலசை போகாமல் அங்கேயே தங்கிவிடும் சிறு பறவைகள், காட்டு விதைகளையும் மக்கள் தோட்டங்களில் தொங்கவிடும் தீனிக்கூடுகளையும் நம்பியே பிழைக்கின்றன. அவற்றுள் ஒன்றான பெரிய பட்டாணிக்குருவி, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரை அடுத்துள்ள வைத்தம் காட்டில் 1947 முதல் தொடர்ந்து ஆராயப்பட்டுவருகிறது. தமிழகத்துப் பட்டாணிக்குருவியின் நெருங்கிய உறவினமான இதன் எடை ஏறத்தாழ 18 கிராம்தான். டிசம்பரில் அங்கு பகற்பொழுது ஏறத்தாழ எட்டு மணி நேரமே என்பதால், நீண்ட இரவு முழுவதும் உடற்சூட்டைக் காக்க, பகலில் சேர்த்த கொழுப்பையே இப்பறவை எரித்தாக வேண்டும்.

ஆயினும், விடிந்ததும் கண்ட தீனியை வயிறு முட்ட உண்பது அதற்கு நன்மையன்று. கொழுப்பு கூடக்கூட உடல் கனத்து, மேலெழும்பும் விரைவு குறையுமாதலால், புதரிலிருந்து பாயும் வல்லூறுக்கு அது எளிதில் இரையாகிவிடும். எனவே காலையில் தீனி இருக்குமிடங்களைத் தேடி அறிந்துகொண்டு, பிற்பகலில் அங்கு திரும்பி வந்து உண்ணும் போக்கே இப்பறவைகளிடம் மேலோங்கியிருப்பதை வைத்தம் ஆய்வுகள் காட்டின. உண்ணும் முறையிலும் இதே எச்சரிக்கை உண்டு: தீனிக்கூட்டிலிருந்து ஒரேயொரு சூரியகாந்தி விதையைக் கவ்விக்கொண்டு அருகிலுள்ள கிளைக்குப் பறந்து, அதைக் கால்களால் அழுத்திப் பிடித்து, அலகால் கொத்தி உடைத்துப் பருப்பைத் தின்றபின்தான் அடுத்த விதைக்கு வருகிறது.

தீனிக்கூட்டைக் கண்டறிவதில் கூரிய கண்ணைப் போலவே கூட்டுறவும் துணைநிற்கிறது. பறவைகளின் கால் வளையத்தில் சிறு மின்னணுச் சில்லைப் பொருத்தினால், எந்தப் பறவை எப்போது யாருடன் கூட்டுக்கு வந்தது என்பதைக் கூட்டின் வாயிலில் உள்ள கருவி தானே பதிந்துகொள்ளும். இவ்வாறு வரையப்பட்ட உறவு வலைப்பின்னலைக் கொண்டு லூசி ஆப்லினும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதிய தீனியிடம் பற்றிய செய்தி அப்பின்னலின் வழியே பரவுகிறது. பலரோடு பழகும் பறவைகளுக்கே அதைக் கண்டடையும் வாய்ப்பு மிகுதி.

இடத்தை மட்டுமன்றித் திறனையும் பறவைகள் இவ்வாறே கற்கின்றன. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வில், புழு வைத்த பெட்டியின் நகரும் கதவை இடமாகவோ வலமாகவோ தள்ளித் திறக்க, ஒரு பகுதிக்கு இரண்டு ஆண் பறவைகளுக்கு மட்டும் பயிற்சியளித்துக் காட்டில் விட்டனர். இருபது நாளில் அப்பகுதிப் பறவைகளுள் சராசரியாக முக்கால் பங்கு பெட்டியைத் திறக்கக் கற்றன. எத்திசையில் தள்ளினாலும் அதே புழுதான் கிடைக்கும் என்றபோதிலும், பெரும்பாலானவை தம் பகுதியில் முதலில் பரவிய திசையிலேயே தள்ளின. அவ்வழக்கம் அடுத்த குளிர்காலத்திலும் தொடர்ந்தது.

ஆகவே தோட்டத்தில் புதிதாகத் தொங்கவிடப்பட்ட கூடு, காலையில் ஓரிரு குருவிகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனபின் வெறிச்சோடிக் கிடந்தாலும், அது பறவைகளின் கணக்கில் சேர்ந்துவிட்டது என்றே கொள்ளலாம்.