போனை வாங்கி வைக்கலாம், படிப்பை நிறுத்தலாமா?



இப்போது எந்த லயத்துக்குப் போனாலும் ஒரே முறைப்பாடுதான். "ஐயா, பொழுது விடிஞ்சா போனு, பொழுது சாஞ்சா போனு. வாங்கிக் குடுத்தாலும் வம்பு, குடுக்காட்டியும் வம்பு" என்கிறார்கள். நானும் பாடசாலை போகும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஆகையால் நலன்புரி உத்தியோகத்தர் என்ற முறையில் மட்டும் இதை எழுதவில்லை.

போனால் ஏதாவது ஒரு சிக்கல் வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் நிற்பது பிள்ளையின் படிப்பு. அதிலும் பெண்பிள்ளையின் படிப்பு. இது ஏன் நடக்கிறது, எப்படித் தடுக்கலாம் என்பதைத்தான் இம்முறை சொல்ல விரும்புகிறேன்.

நாங்கள் படித்த காலம்

1980களின் கடைசியிலும் 1990களிலும் தோட்டப் பாடசாலையில் படித்தவர்களுக்கு அந்த நீண்ட மண்டபம் ஞாபகம் இருக்கும். வகுப்புக்கு வகுப்பு இடையில் சுவர் கிடையாது. ஒரு பக்கம் இரண்டாம் ஆண்டு வாய்ப்பாடு சொல்லும், மறு பக்கம் ஐந்தாம் ஆண்டு செய்யுள் படிக்கும். பெரிய மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் வாத்தியார் சொல்வது ஒன்றும் கேட்காது. புத்தகத்தை ஷொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு நனைந்தபடி வருவோம்.

அந்த மண்டபமும் லேசில் கிடைத்ததல்ல. ஒரு காலத்தில் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1980 முதல் பாடநூல் இலவசமாக வந்தது, 1993 முதல் சீருடைத் துணியும் வந்தது. சுவீடன் நாட்டு உதவியால் பல தோட்டங்களில் கட்டடங்கள் எழும்பின. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து நம் பிள்ளைகளே ஆசிரியர்களாக வந்தார்கள்.

இவ்வளவும் இருந்தும் நம்மோடு முதலாம் ஆண்டில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் சாதாரண தரப் பரீட்சை வரை வந்தார்கள்? ஒருத்தி தம்பியைப் பார்க்க நின்றாள். ஒருவன் கொழும்புக் கடைக்குப் போனான். பல பெண்பிள்ளைகளைப் பெரிய மனுசி ஆனதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். தூரம், வறுமை, பயம் ஆகிய மூன்றும்தான் அன்று படிப்பைத் தின்றன.

தூரம் இன்று ஓரளவு குறைந்துவிட்டது. வறுமை இன்னும் இருக்கிறது, ஆனாலும் அரை வயிறு சாப்பிட்டாவது பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் வந்துவிட்டது. பயம் மட்டும் போன் வழியாகப் புதிதாக வந்திருக்கிறது.

அன்றும் பிள்ளைகள் குறும்பு செய்தார்கள். எவனாவது எழுதிய காதல் கடிதம் வாத்தியார் கையில் சிக்கும். இரண்டு அடி கொடுத்துக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடுவார், அதோடு விஷயம் முடிந்துபோகும். அடுத்த வருசம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இன்றைய பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போனில் போனது எங்கேயோ ஒரு மூலையில் கிடந்துகொண்டே இருக்கும்.

போன் நம் வீட்டுக்குள் வந்த விதம்

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடினார்கள். பாடங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தன. கொழுந்து எடுத்த காசைச் சேர்த்தும் தோட்டை அடகு வைத்தும் போன் வாங்கினோம். சிக்னல் கிடைக்காத தோட்டங்களில் பிள்ளைகள் மேட்டில் ஏறி உட்கார்ந்து படித்தார்கள். பாடசாலை திறந்த பிறகும் போன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

போனால் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. வெளிநாட்டில் வேலை செய்யும் தாய் இரவில் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது போனில்தான். நம்மோடு படித்தவர்கள் கொழும்பிலும் கட்டாரிலும் சிதறிக் கிடந்தாலும் பழைய வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒன்றுசேர்கிறார்கள். ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் அந்தக் குழுவிலேயே உதவிப் பணம் சேர்ந்துவிடுகிறது. ஆகவே போனை உடைத்து எறிவது இதற்கு வழியாகாது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் அதை நம் கையில் வைத்திருக்கலாம்.

இலவசமாகத் தருகிறார்களே, ஏன்?

பேஸ்புக், டிக்டொக், யூடியூப் எதற்கும் நாம் காசு கட்டுவதில்லை. அவர்களுக்கு முக்கியமான வருமானம் விளம்பரத்தில் வருகிறது. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம். மடுவத்தில் நம் கொழுந்தை நிறுப்பதுபோல, நாம் எந்த வீடியோவில் எத்தனை வினாடி நின்றோம் என்பதை அவர்கள் நிறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நின்று பார்த்ததைப் போலவே இன்னொன்று வரும், பிறகு இன்னொன்று வரும். "அஞ்சு நிமிசம்" என்று தொடங்கிய பிள்ளை ஒரு மணித்தியாலம் கழித்தும் எழும்பாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். பெரியவர்களும் இதே மாதிரித்தான் சிக்குகிறோம்.

இதனால் முதலில் கெடுவது தூக்கம். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியாலமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணித்தியாலமும் தூக்கம் வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். நள்ளிரவு வரை போர்வைக்குள் போன் பார்த்த பிள்ளை காலையில் வகுப்பில் தூங்காமல் என்ன செய்யும்? இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே காட்டக்கூடாது, 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது. சோறு ஊட்டுவதற்காகக் குழந்தையின் கையில் போன் கொடுக்கும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு படம் எங்கே போகிறது?

நீங்கள் ஒரு படத்தை அனுப்பினால் அது கடிதம்போல ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதில்லை. உங்களிடம் ஒன்று இருக்கும், அவரிடம் ஒன்று இருக்கும். அவர் பத்துப் பேருக்கு அனுப்பினால் இன்னும் பத்து சேரும். உங்கள் போனில் அழித்தாலும் மற்ற போன்களில் அழியாது.

முதலாம் தவணை தொடங்கும் நாளில் பிள்ளையைச் சீருடையில் நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிறோம். அது பெற்ற மனசின் பெருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படத்தில் பாடசாலை அடையாளச் சின்னம் தெரியும். கீழே பிள்ளையின் பெயரை எழுதுகிறோம். "அம்மா வெளிநாட்டில், அப்பா நைட் சிப்ட்" என்று இன்னொரு நாள் எழுதுகிறோம். முன்பின் தெரியாத ஒருவன் இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பிள்ளை யார், எங்கே படிக்கிறாள், வீட்டில் எந்நேரம் ஆள் இல்லை என்பது எல்லாம் தெரிந்துவிடும்.

ஒரு வீட்டில் நடந்தது

யாருக்கும் அடையாளம் தெரியாதபடி ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். பத்தாம் தரம் படிக்கும் பிள்ளை, வயது 15. தாய் வெளிநாட்டில், தகப்பனுக்குத் தொழிற்சாலையில் வேலை, வீட்டில் அப்பாயி மட்டும். உறவினர் கல்யாண வீட்டில் எடுத்த ஒரு படம் முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தது. எவனோ அதிலிருந்து பிள்ளையின் முகத்தை வெட்டி வேறொரு அசிங்கமான படத்தில் ஒட்டி அவளுக்கே அனுப்பினான். "ரீலோட் போடு, இல்லாட்டி ஸ்கூல் முழுக்க அனுப்புவேன்" என்று மிரட்டினான். பிள்ளை யாரிடமும் சொல்லாமல் கடையில் கடனுக்கு ரீலோட் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைக் கொப்பியில் கணக்கு ஏறியதைப் பார்த்த அப்பாயி ஏசாமல், அடிக்காமல், பக்கத்தில் உட்கார்த்திக் கேட்டார். அப்போதுதான் பிள்ளை அழுதுகொண்டே வாய் திறந்தாள்.

தகப்பன் என்னிடம் வந்தார். "ஐயா, இனி ஸ்கூலு வேணாங்க. ஊருக்குள்ள தல காட்ட முடியல. கொழும்புல தெரிஞ்ச வீடு ஒன்னு இருக்கு, அங்க வேலைக்கு அனுப்பிடுறேன்" என்றார்.

நான் கேட்டேன்: "அண்ணே, உங்க வீட்டுல களவு போச்சுன்னா களவாணியத் தேடுவீங்களா, வீட்டுக்காரிய அடைச்சு வைப்பீங்களா?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. வகுப்பு டீச்சரும் வந்து பேசினார். மிரட்டிய செய்திகளை அழிக்காமல் வைத்து, இலக்கத்தையும் திகதியையும் கொப்பியில் எழுதி, பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். ஒன்பது பாடசாலை நாட்கள் வீட்டில் இருந்த பிள்ளை பத்தாவது நாள் போனாள். டீச்சர் இரண்டு தோழிகளை அவள் பக்கத்தில் உட்கார வைத்தார். இன்று உயர்தரம் படிக்கிறாள். அந்தப் படம் எவன் போனிலாவது இன்னும் இருக்கலாம். ஆனால் அவள் படிப்பு அவளிடம் இருக்கிறது.

சட்டம் நம் பக்கம்

5 முதல் 16 வயது வரை பிள்ளை பாடசாலைக் கல்வி பெற வேண்டும் என்பது 2016 முதல் சட்டம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் ஆபாசப் படத்தை எடுப்பதும் பரப்புவதும் வைத்திருப்பதும் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றம். "பார்க்கத்தான் வச்சிருந்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. இந்தச் செய்தியை நம் இளைஞர்களுக்கும் சொல்லுங்கள்.

பேஸ்புக், டிக்டொக் கணக்கு வைக்க 13 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனங்களின் சொந்த விதி. அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பணக்கார நாடுகளும் இதில் தடுமாறுகின்றன. நாம் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

1. இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். அப்பாவின் போனும் அங்கேதான். நாம் பார்த்துக்கொண்டு பிள்ளையை மட்டும் வை என்றால் நடக்காது.

2. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போன் வேண்டாம். பெரட்டில் நடந்ததை நீங்கள் சொல்லுங்கள், வகுப்பில் நடந்ததைப் பிள்ளை சொல்லட்டும். தினமும் சின்ன விஷயம் பேசும் பிள்ளைதான் ஒரு நாள் பெரிய விஷயத்தையும் சொல்லும். வெளிநாட்டில் இருக்கும் தாய் பேசும் நேரத்துக்கு மட்டும் விலக்கு.

3. முகநூலில் படம் போடும்போது 'பப்ளிக்' என்பதை மாற்றி 'ஃபிரெண்ட்ஸ்' என்று வையுங்கள். பாடசாலைச் சின்னம் தெரியும் படத்தைத் தவிருங்கள். மற்றவர் பிள்ளையின் படத்தைப் போடுமுன் அவர்களிடம் கேளுங்கள்.

4. போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். அதைச் சொன்னால் உங்கள் வட்ஸ்அப் அடுத்தவன் கைக்குப் போய்விடும்.

5. பிள்ளையிடம் இன்றே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "போன்ல எவனாவது பயமுறுத்தினா மொதல்ல எங்கிட்ட சொல்லு. அடிக்க மாட்டேன், ஸ்கூல நிறுத்த மாட்டேன்." சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவும் வேண்டும். மிரட்டுகிறவனுக்குப் பலம் பிள்ளையின் பயத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் அந்தப் பலம் பாதியாகிவிடும்.

6. மிரட்டல் வந்தால் காசு கொடுக்காதீர்கள், பதில் எழுதாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் பொலிஸையும் நாடலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போவோம்.

பெற்றோர்களே, ஐந்தாம் ஆண்டோடு நின்றவர்கள் பலர் இன்று நம்மோடு மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். "ஏன்டி நின்ன?" என்று கேட்டால், "எங்க ஐயா பயந்துட்டாரு" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். அந்தப் பதிலை நம் மகள்மார் நாளைக்குச் சொல்லக் கூடாது. போன் தொல்லை கொடுத்தால் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். பாடசாலைப் பை எப்போதும்போல ஆணியில் தொங்கட்டும், காலையில் பிள்ளை அதை எடுத்துக்கொண்டு போகட்டும்.

வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பிள்ளைகள் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டவும்.