கண்ணாடிச் சில்லும் உலையின் வேதிநிலையும்

பூந்தமல்லிக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் மிதவைக் கண்ணாடி ஆலை 2000ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. இத்தகைய உலைகளில் சிலிக்கா மணல், சோடாச் சாம்பல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றுடன் உடைந்த கண்ணாடிச் சில்லும் ஏறத்தாழ 1500 பாகை செல்சியசில் உருக்கப்படுகிறது. சில்லில் கார்பனேட்டுகள் இல்லை. எனவே அவற்றைச் சிதைக்கும் வெப்பமும், அச்சிதைவில் வெளிப்படும் கார்பன் டை ஆக்சைடும் தவிர்க்கப்படுகின்றன. கலவையில் சில்லின் பங்கு 10 விழுக்காடு கூடினால் ஆற்றல் தேவை ஏறத்தாழ 2.5 முதல் 3 விழுக்காடு குறைகிறது.

எனினும், சில்லு வேதிவினைகளில் பங்கேற்காத பொருள் அன்று. அதில் ஒட்டியிருக்கும் காகிதம், பசை, உணவு எச்சம் ஆகியவற்றின் கார்பன், உருகலின் ஆக்சிஜனை நுகர்கிறது. ஃபெரிக் அயனிகள் ஃபெரசாக ஒடுங்குகின்றன. ஃபெரஸ் அயனி அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுவதால், சுடரின் வெப்பம் உலையின் அடிப்பகுதியை எட்டுவது குறைகிறது. கண்ணாடியும் நீலச்சாயல் கொள்கிறது. குமிழிகளை நீக்குவதற்காக இடப்படும் சோடியம் சல்ஃபேட் உரிய வெப்பநிலைக்கு முன்பே சிதைந்து, நுரை பெருகுகிறது. ஒடுக்கம் மேலும் மிகுந்தால், சல்ஃபைடு அயனி எஞ்சிய ஃபெரிக் அயனியுடன் இணைந்து பழுப்பு நிறம் தருகிறது. பழுப்புப் புட்டிகளின் நிறம் இவ்வாறு உண்டாவதே. அச்சில்லு நிறமற்ற உருகலில் கலந்தால், சல்ஃபைடும் சல்ஃபேட்டும் வினைபுரிந்து கந்தக டை ஆக்சைடை வெளியிடுகின்றன.

எரிகாற்றையும் சல்ஃபேட் அளவையும் கூட்டி இவ்விளைவுகளை ஈடுசெய்யலாம். ஆனால் மாசின் அளவு ஒவ்வொரு சுமைக்கும் மாறுமெனில், ஈடுசெய்யும் அளவைக் கணித்தல் அரிதாகிறது. எனவே அம்பத்தூர், ஆவடி போன்ற பகுதிகளில் சேரும் சில்லை நிறவாரியாகப் பிரித்துத் தூய்மைசெய்வது வெறும் கழிவு மேலாண்மை அன்று. உலை வேதியியலின் முதற்படியும் அதுவே.