காணி வாங்குமுன் வழியைப் பேசுங்கள்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலத்தில் அமைந்த ஊர் காத்தான்குடி. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அங்கே சுமார் 40,000 பேர் வாழ்ந்தனர். கிழக்கிலங்கை வழக்கப்படி பெண்பிள்ளைக்கு மணமாகும்போது வீடும் வளவும் கொடுக்கிறோம். உம்மாவின் வளவு மூன்று மகள்மாருக்கு மூன்று துண்டாகிறது. பேத்திமார் காலத்தில் அது ஒன்பதாகிறது. வீடுகள் பெருகப் பெருக ஒழுங்கை மட்டும் ஒடுங்கிக்கொண்டே போகிறது.

வளவில் இடமில்லாதவர்கள் ஊருக்கு வெளியே துண்டு போட்டு விற்கப்படும் காணிகளைத் தேடிச் செல்கின்றனர். அங்கே நாம் கேட்கும் முதற் கேள்வி, "பேர்ச் என்ன விலை?" என்பதுதான். "வழி எத்தனை அடி?" என்று கேட்பவர் குறைவு.

ஏழு முழம்

இக்கேள்வி புதியதல்ல. வழியின் அகலம் பற்றி மக்கள் பிணங்கிக்கொண்டபோது, அது ஏழு முழமாக இருக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. ஏழு முழம் என்பது ஏறத்தாழ பத்தரை அடி. மோட்டார் வாகனமே இல்லாத காலத்து அளவு அது. அம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வரவேண்டிய இக்காலத்தில், சந்தூக்கைத் திருப்பவும் இடமில்லாத ஒழுங்கைகளை நாம் உண்டாக்கலாமா?

விற்பவர் ஏன் தயங்குகிறார்?

200 அடி நீளமான அரை ஏக்கர் காணியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 80 பேர்ச். நடுவே 10 அடி வழி விட்டால் 7 பேர்ச்சுக்குச் சற்று அதிகமாகப் போகும். 20 அடி விட்டால் 14 பேர்ச்சைத் தாண்டிவிடும். மேலதிகமாகப் போவது ஒரு வீட்டுத் துண்டின் விலை. விற்பவர் வழியைச் சுருக்கப் பார்ப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

ஆகவே தனியாகச் சென்று கேட்டுப் பயனில்லை. வாங்க இருக்கும் குடும்பங்கள் ஒன்றுகூடி, "பேர்ச்சுக்குச் சிறிது கூட்டித் தருகிறோம், வழியை அகலமாக்கித் தாருங்கள்" என்று பேசவேண்டும். பேசும் காலம் முற்பணம் கொடுக்குமுன்தான். மதில் எழுந்த பின் ஓர் அடி விட்டுத்தர எவருக்கும் மனம் வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. அதன்கீழ் 1986 இல் வந்த ஒழுங்குவிதிகள், பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் வீட்டுத் துண்டொன்று 150 சதுர மீற்றருக்கு, அதாவது சுமார் 6 பேர்ச்சுக்குக் குறையக்கூடாது என்றன. துண்டுகள் கூடினால் வீதியின் அகலமும் கூடவேண்டும். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியில் வீதி நீங்கலாகப் பத்து வீதம் பொதுத் தேவைக்கு ஒதுக்கப்படவேண்டும். 2021 இல் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. ஆதலால் உங்கள் காணிக்கு இன்று பொருந்தும் அளவை நகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்டறியுங்கள். சபை அங்கீகரித்த வரைபடத்தைக் கண்ணால் பாருங்கள். வயற்காணியாயின், 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்து மூல அனுமதியின்றி அதை நிரப்ப முடியாது.

தவணையை எழுதுங்கள்

"மாரிக்கு முன் கிறவல் போட்டுத் தருவோம்" என்பார்கள். எந்த மாரிக்கு முன்? 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுத்தில் இருக்கவேண்டும். வாய்ப்பேச்சு நிற்காது. குர்ஆனின் மிக நீண்ட வசனமும் (2:282) தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவே கட்டளையிடுகிறது. அப்படியிருக்க, "எழுதித் தாருங்கள்" என்று கேட்பது நம்பிக்கையீனம் ஆகுமா?

வழியின் அகலம், கிறவல் இடும் நீளம், மழைநீர் வாவிக்கு ஓட வடிகான், மதகு, இவற்றின் செலவு யாருடையது, எந்தத் திகதிக்குள் முடிப்பது, தவறினால் என்ன பரிகாரம் என்பவை யாவும் உடன்படிக்கையில் வரட்டும். நம் பகுதியில் பெருமழை ஐப்பசி கார்த்திகையில் தொடங்குவதால் செப்டம்பர் முடிவைத் தவணையாகக் கேளுங்கள். பணத்தையும் பகுதி பகுதியாகக் கொடுங்கள்: ஒப்பமிடும்போது ஒரு பங்கு, வரைபடம் அங்கீகரிக்கப்பட்டதும் ஒரு பங்கு, மதகும் கிறவலும் முடிந்து உறுதி எழுதும்போது மீதி. கையில் மீதிப் பணம் இருக்கும் வரைதான் நம் பேச்சுக்கு மதிப்பு.

உறுதி யார் பெயரில்?

2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பின் கிழக்கில் கட்டப்பட்ட புதிய குடியிருப்புகளில், பல இடங்களில் உரிமைப் பத்திரம் "குடும்பத் தலைவர்" என்று ஆணின் பெயரில் போனது. அழிந்தது பெண்ணின் சீதன வீடு. கிடைத்ததோ கணவரின் வீடு. படிவத்தை நிரப்பும் இடத்தில் அவள் இருக்கவில்லை.

சகோதரிகளே, அந்த வீட்டில் வாழப்போவது நீங்கள். மாரித் தண்ணீரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் நடக்கப்போவதும் நீங்கள்தான். வாப்பாவும் காக்காவும் விலை பேசட்டும். வரைபடத்தை விரித்து, வழியின் அகலத்தையும் தவணைத் திகதியையும் உறுதியிலுள்ள பெயரையும் நீங்களே வாசித்துப் பார்த்த பின் ஒப்பமிடச் சொல்லுங்கள்.