கதவைத் தொட்டதும் 'சுரீர்'... ஏசி ஆபீஸில் ஷாக் அடிப்பது ஏன்?

ஏசி மீட்டிங் ரூம். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோய் கதவுக் கைப்பிடியைத் தொட்டால், 'சுரீர்'! எங்கேயோ கரன்ட் லீக் ஆகுதுன்னு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டாம். அந்த மின்சாரம் உங்கள் உடம்பில் இருந்ததுதான்.

எல்லாப் பொருளிலும் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்களும் எதிர்மின்சுமை கொண்ட எலெக்ட்ரான்களும் உண்டு. இரண்டும் சமமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. உங்கள் சட்டையும் நாற்காலி உறையும் உரசிப் பிரியும்போது, ஒன்றிலிருந்து கொஞ்சம் எலெக்ட்ரான்கள் மற்றொன்றுக்குத் தாவிவிடும். புரோட்டான் அணுக்கருவுக்குள் இருப்பதால் அது நகராது. ரப்பர் சோல் ஷூ போட்டிருந்தால், சேர்ந்த மின்சுமை தரைக்கு இறங்க வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். இதுதான் நிலைமின்சாரம்.

நமக்கு ஷாக் உறைத்தாலே அது சுமார் 3,000 வோல்ட். வீட்டு பிளக்கில் இருப்பதே 230தான்! அப்புறம் எப்படி நமக்கு ஒன்றும் ஆகவில்லை? வோல்ட் அதிகம், ஆனால் சேர்ந்திருக்கும் மின்சுமை ரொம்பக் கம்மி, கண்ணிமைப்பதற்குள் தீர்ந்துவிடும். பிளக்கில் கரன்ட் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், ஆபத்து அங்கேதான்.

சென்னை வீடுகளில் இந்த ஷாக் அதிகம் அடிக்காததற்கு நாம் திட்டித் தீர்க்கும் புழுக்கம்தான் காரணம். காற்றில் ஈரம் இருந்தால் பொருட்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படியும். மின்சுமை அது வழியாகக் கசிந்துவிடும். ஏசி அந்த ஈரத்தை எடுத்துவிடுகிறது.

நம்மை ஒன்றும் செய்யாத இதே பொறி, பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கப் போதும். அதற்கு 0.3 மில்லிஜூல் இருந்தாலே அதிகம். நன்றாக உறைக்கும் ஒரு ஷாக்கில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். குழாயில் ஓடிவரும் பெட்ரோலே மின்சுமையைச் சேர்த்துக்கொண்டுதான் வருகிறது. அதனால்தான் டேங்கர் லாரியில் இருந்து இறக்கும் முன் எர்த் கம்பியை மாட்டுகிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் பிடிப்பது ஆபத்து என்பதற்கும் இது ஒரு காரணம்: பிளாஸ்டிக்கில் மின்சுமை இறங்க வழியே இல்லை.

லேப்டாப்பைத் திறந்து நீங்களே ரேம் மாற்றுபவரா? சில சிப்புகள் 100 வோல்ட்டுக்குக் கீழேயே பழுதாகும். உங்களுக்கு உறைக்கக்கூட உறைக்காது. சர்வீஸ் ஆட்கள் மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டுவது இதற்காகத்தான்.

ஆபீஸ் கதவுக்கு ஒரு சின்ன டிரிக்: கைப்பிடியை முதலில் கையிலிருக்கும் சாவியால் தொடுங்கள். பொறி சாவி நுனியில் பாயும், விரலில் சுரீர் இருக்காது.